கலெ இல்ல, மேடம்

பிப்ரவரி 3, செவ்வாய்

பனி. ஸ்வெட்டர் போட்டும் காது வலி. விடிந்ததும் விடியாததுமாகக் குக்கரஹள்ளி ஏரிக்குப் போனேன். காற்று இல்லை. காற்று இல்லாத நாளில் எனக்கு வேலை இல்லை. மரம் தண்ணீரிலும் மரமாகவே நிற்கிறது, தலைகீழாக. அதைப் படம் எடுக்க நான் எதற்கு, காலண்டர் போடுகிறவன் போதும்.

ரொம்ப நேரம் உட்கார்ந்த பிறகு ஒரு நீர்க்கோழி குறுக்கே போனது. அது கிழித்த அலையில் எல்லாம் உடைந்தது. கரையோரத்து ரோஸ் பூ மரம் இப்போது இலையே இல்லாமல் பூவாக நிற்கிறதே, அந்த ரோஸ், வேலிக்கம்பியின் கறுப்பு, வானத்தின் சாம்பல், மூன்றும் பட்டை பட்டையாகப் பிரிந்து ஒன்றுக்குள் ஒன்று புகுந்தன. மரமும் இல்லை, வேலியும் இல்லை. இதற்குத்தான் வருகிறேன். எடுத்தது நிறைய, தேறியது நாலு.

பின்னால் வாக்கிங் போன இரண்டு பேர், இந்தம்மா எதைப் படம் எடுக்கிறாள் என்று கன்னடத்தில்:

"ஏனு தெகீதாரெ ஈயம்மா?"

"நீரு."

"பரீ நீரா?"

ஆமாம் சாமி, வெறும் தண்ணிதான். உங்களுக்கு என்ன போச்சு.

ஒரு தொல்லை. கேமராவில் கண் வைத்தால் நடுவில், கொஞ்சம் வலது பக்கம், ஒரு மங்கல். எண்ணெய்க் கையால் தொட்ட மாதிரி. லென்ஸைத் துடைத்தும் போகவில்லை. உள்ளே தூசி போயிருக்கும். மஞ்சுநாத் கடைக்குப் போக வேண்டும். கேமரா ரிப்பேரும் அவர்தான், மார்ச் கண்காட்சிக்குப் படம் பொறுக்குகிறவரும் அவர்தான். ஒரே நடையில் இரண்டு வேலை.

வாங்க: பால், ராகி மாவு, கொத்தமல்லி, இவர் முதுகுக்குத் தைலம், என் சுகர் மாத்திரை (தீர்ந்துவிட்டது. எப்போது தீர்ந்தது?)

பிப். 4, புதன்

வெயில் சீக்கிரமே வந்துவிட்டது. சாயங்காலம் நேற்றைய படங்களை லேப்டாப்பில் இவருக்குக் காட்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தவரைக்கும் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருந்தார், நானும் நிம்மதியாக இருந்தேன். ரிடையர் ஆனதிலிருந்து என் தோளுக்கு மேலே நிற்கிறார்.

"இது ஆனைத் தும்பிக்கையாட்ட இருக்குது புள்ள."

"ஆனை இல்லீங்க."

"அப்ப, பாம்பு?"

"ஒண்ணும் இல்லீங்க. நெறம். அவ்வளவுதான்."

"ஒண்ணும் இல்லாததுக்கா வெடியால எந்திரிச்சு ஓடற?"

ராமாபுரத்துக்காரர். காட்டோரம் பிறந்து வளர்ந்தவர். சுவரில் காரை பெயர்ந்தாலும் அதில் ஒரு மிருகம் கண்டுபிடிப்பார். திவ்யாவும் அப்படித்தான், பெங்களூரிலிருந்து வந்தால் "அம்மா, இது மீனா, இலையா?" என்பாள். கேமராவே அவள் விட்டுப்போனதுதான், அதனால் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

எதுவாகவும் இல்லாத ஒன்றைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் ஒரு நிம்மதி. ஆபீஸில் ஸ்டோர்ஸ் கணக்கு. ஒவ்வொரு போல்ட்டுக்கும் பெயர், நம்பர், அலமாரி. வீட்டில் ஒவ்வொரு டப்பாவுக்கும் ஒரு பருப்பு. தண்ணீரில் மட்டும்தான் பெயரெல்லாம் கழன்று போகிறது. இதை இவரிடம் சொன்னால் "சுகர் ஏறிருச்சா?" என்று கேட்பார்.

"இந்த எடத்துல கறை தெரியுதுங்களா?" என்று கேட்டேன்.

"எங்க? ஒண்ணும் காணமே."

ஆனை தெரிகிறது, கறை தெரியவில்லை. நல்ல கண்ணு.

பிப். 6, வெள்ளி

ஆபீஸ் மானிட்டரிலும் அழுக்கு. ஸ்பிரே அடித்துத் துடைத்தேன். மூன்றை எட்டு என்று ஏற்றிவிட்டேன். பக்கத்து சீட் சுமித்ரா பார்த்துச் சொன்னாள், தப்பித்தேன். "கண்ணாடி மாத்துங்க மேடம்" என்றாள். மாற்ற வேண்டும். இடது கண் பிறந்ததிலிருந்தே சோம்பேறி, வெளிச்சமும் உருவமும் மட்டும் சொல்லும். எல்லா வேலையும் வலதுதான் செய்கிறது. அதற்கும் வயசாகாதா?

சமையலறை ஜன்னல் கம்பி ஒன்று நடுவில் வளைந்திருக்கிறது. இவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். கையால் தடவிப் பார்த்து, "நேராத்தான இருக்குது" என்றார். வாடகை வீட்டுக் கம்பி, வளைந்தால் வளையட்டும்.

மதியம் புளிசாதம். தொண்டை எரிகிறது.

பிப். 7, சனி

மேகம். மார்க்கெட் பின்சந்துக்குப் போய் மஞ்சுநாத்திடம் கேமராவைக் கொடுத்தேன். பென் டிரைவும் கொடுத்தேன், பன்னிரண்டு படம். ஐம்பத்து நாலு வயதில் பரீட்சை பேப்பர் நீட்டுகிறவள் மாதிரி.

"உள்ள டஸ்ட் இருக்கு பாருங்க, நடுவுல. அப்புறம் அந்தப் படமெல்லாம்... கண்காட்சிக்குத் தேறுமான்னு..."

"விடுங்க மேடம், ரெண்டும் நோட்தீனி. மெசேஜ் போட்தீனி." இரண்டையும் பார்த்துவிட்டு மெசேஜ் போடுவாராம். வாயில் வெற்றிலை, கையில் வேறு யாருடைய லென்ஸோ, காதில் போன். என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

இது ஒன்றாவது நடக்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை. எத்தனையோ வருடமாக மற்றவர்கள் சாமானுக்குக் கணக்கு எழுதியாகிவிட்டது. நான் பார்த்தது, நான் மட்டும் பார்த்தது, ஒரு சுவரில் தொங்கட்டும். நாலு பேர் வந்து "இது என்ன?" என்று கேட்டுவிட்டுப் போகட்டும். அந்தக் கேள்விக்குக்கூடக் கோபப்பட மாட்டேன்.

மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன், மஞ்சு கேட்டால் சொல்ல: தண்ணீர் மேல் ஃபோகஸ் வைத்தால் பாசியும் செத்த இலையும்தான் தெளியும். நிழல் மங்கிவிடும். தண்ணீரை விட்டுவிட வேண்டும். எதிர்க்கரை மரம் எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்துக்கு வைக்க வேண்டும். அப்போதுதான் நிழல் கூர்மையாக வரும். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்க ஆனது. யாரும் சொல்லித் தரவில்லை. அதில் ஒரு திமிர் எனக்கு உண்டு.

பிப். 9, திங்கள்

மெசேஜ் இல்லை.

கேமரா இல்லாமலே ஏரிக்குப் போனேன். கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. காற்று நல்ல காற்று. நீலத் தகரக் கூரையின் நிழல் உடைந்து உடைந்து சேர்ந்தது. நடுவில் ஒரு அம்மாளின் மஞ்சள் புடவை வந்து ஒரு கணம் நீலத்தைக் கிழித்தது. ஐயோ, கேமரா இல்லையே என்று வாய்விட்டே சொன்னேன்.

அந்த மங்கல் இப்போதும். மூக்குக் கண்ணாடியில் அழுக்கு போல. முந்தானையால் துடைத்தேன். தண்ணீரில் பெரிய நாரை ஒன்று நின்றது, தலை தெரியவில்லை. குனிந்திருக்கும்.

பிப். 10, செவ்வாய்

வெயில். மெசேஜ் வந்தது. ஆபீஸில் டீ நேரத்தில் பார்த்தேன்.

"எல்லா நோடிதெ மேடம். கலெ இல்ல."

அவ்வளவுதான். எல்லாம் பார்த்தேன், கலை இல்லை. பின்னால் ஒரு கும்பிடுகிற கை.

பன்னிரண்டு படத்துக்கும் சேர்த்து இரண்டே வார்த்தை. ஒன்றாவது பரவாயில்லை, இரண்டாவது சுமார், இன்னும் பழகுங்கள்... எதுவும் இல்லை. கும்பிடு வேறு. செத்த வீட்டுக்கு வந்தவன் மாதிரி.

டீ ஆறிவிட்டது. டாய்லெட்டில் போய் அழுதேன். இந்த வயதில் இதற்கு அழுவதா என்று அதற்கும் சேர்த்து அழுதேன்.

பிப். 11, புதன்

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். கலையாவது மண்ணாவது. தண்ணி, அதில் நிறம். இவர் கண்ட ஆனையாவது ஏதோ ஒன்று, நான் கண்டது அதுவும் இல்லை. நடுவயதுப் பொம்பளை, சுகர்க்காரி, மகள் விட்டுப்போன கேமரா. தினமும் காலையில் ஈரப் புல்லில் உட்கார்ந்து நான் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன்.

லேப்டாப்பில் "தண்ணி" என்ற ஃபோல்டரை அழித்தேன். குப்பைக் கூடையையும் காலி செய்தேன். நிச்சயமாகவா என்று அது கேட்டது. நிச்சயம்.

இவர் கேட்டார், "என்ன புள்ள, மூஞ்சி தொங்கிக் கெடக்குது?"

"தல வலிங்க."

பிப். 13, வெள்ளி

திவ்யா போன்.

"அம்மா, கண்காட்சி ஏனாச்சு?"

"ஒண்ணும் ஆகல."

"சும்னே சொல்லாதே. செலெக்ட் ஆச்சா இல்லியா?"

"எங்கிட்ட கலை இல்லையாம். போதுமா?"

"யாரு சொன்னது? அவருக்கு ஏன் கொத்து? நீ சும்னே ஃபீல் ஆகாதே." அவருக்கு என்ன தெரியும் என்கிறாள். இவள் தமிழுக்கு நான் தனியாக அழ வேண்டும்.

கேமராவை எடுத்துவர மஞ்சு கடைக்குப் போகவில்லை. எந்த மூஞ்சியோடு போவது. அங்கேயே கிடக்கட்டும். ஏரிக்கும் போகவில்லை. தலைவலி நிஜமாகவே வந்துவிட்டது.

பிப். 15, ஞாயிறு, சிவராத்திரி

இவர் அண்ணனோடு மாதேஸ்வரன் மலைக்குப் போய்விட்டார். கொள்ளேகால் பஸ்ஸில் நிற்க இடம் இல்லை என்று போன். "உனக்கும் சேத்திக் கும்பிட்டுட்டு வர்றேன் புள்ள." கும்பிடுங்கள்.

வீட்டில் தனியாக. விரதம் என்று பேர், பட்டாணி வறுத்துத் தின்றேன். டி.வி.யில் செய்தி வாசிக்கிறவளுக்கு மூக்கு இல்லை. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல். சிரிப்பு வந்தது. பழைய டி.வி., மாற்ற வேண்டும் என்று எழுத வந்தேன். இந்த வரியில் நான் எழுதிய "டி.வி."யும் சரியாகத் தெரியவில்லை.

தூங்கினால் சரியாகும்.

பிப். 17, செவ்வாய்

மேகமும் வெயிலும். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஆபீஸ் விட்டு மஞ்சு கடைக்குப் போனேன். கேமராவை வாங்கிக்கொண்டு, முகத்துக்கு நேரே நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவது என்று முடிவு. ஆட்டோவில் ஒத்திகை எல்லாம் பார்த்தாயிற்று.

"கேமராவக் குடுங்க. பென் டிரைவையும் குடுங்க. கலை இல்லன்னு ஒத்த வரில சொல்லிட்டீங்க, சந்தோஷம்."

அவர் விழித்தார். "ஆமா மேடம், கலெ இல்ல. நானே ரெண்டு தடவ நோடிதெனல்லா."

"ரெண்டு தடவையா? ஒரு தடவ பாக்கறதுக்கே ஒண்ணும் இல்லையே!"

"ஏன் மேடம் கோவம்? கலெ இல்லன்னா நல்லதுதானே? ஸ்பாட் மேடம், ஸ்பாட்!" விரல் நுனியைக் காட்டினார். "டஸ்ட் ஸ்பாட். நீங்கதானே செக் பண்ணச் சொன்னீங்க? கேமரா க்ளீன். போட்டோலயும் ஒந்து கலெகூட இல்ல."

கன்னடத்தில் கலெ என்றால் கலை. கலெ என்றால் கறையும்தான். சட்டையில் காப்பி சிந்தினால் கலெ. எனக்குத் தெரியாதா? கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த ஊர்த் தண்ணியைக் குடிக்கிறேன். தினமும் இந்தப் பாஷையில்தான் காய்கறிக்காரனோடு சண்டை போடுகிறேன். ஆனால் அந்த மெசேஜைப் படிக்கும்போது எனக்குள் இருந்தது தமிழ். பயந்துகொண்டிருந்த வார்த்தை எதுவோ, அதுதான் கண்ணில் பட்டது.

மஞ்சு நிற்காமல் பேசினார். படங்கள் தும்பா சென்னாகிதெயாம், ரொம்ப நன்றாக இருக்கிறதாம். நாலு எடுத்திருக்கிறாராம், வாசலுக்கு நேர் சுவர் எனக்காம். "இந்த நெளிவு, இந்த உடைஞ்ச கோடு, எப்படி மேடம் பிடிக்கிறீங்க? பெயிண்டிங் மாதிரி. யாருக்கும் இந்தக் கண்ணு இல்ல."

நான் சிரித்திருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாய் இருக்கும் இடத்தில் சாம்பல்.

கேமராவில் கறை இல்லை. படத்தில் கறை இல்லை. லென்ஸ், மானிட்டர், டி.வி., மூக்குக் கண்ணாடி, எதிலும் இல்லை. மிச்சம் இருப்பது ஒன்றுதான்.

கடைப் பெஞ்சில் உட்கார்ந்தேன். வலது கண்ணைக் கையால் மூடினேன், திறந்தேன். மூடினால் இடது கண்ணுக்கு எல்லாம் புகை, ஆனால் சாம்பல் இல்லை. திறந்தால் இருக்கிறது.

"டீ சொல்லட்டா மேடம்? சந்தோஷத்துல மயக்கமா?"

"ஆமாங்க" என்றேன்.

பிப். 18, புதன்

கண் ஆஸ்பத்திரி. இவரும் வந்தார், மலைப் பிரசாதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. நர்ஸ் "பூங்கோடி! பூங்கோடி யாரு?" என்று கத்தினாள். பூங்கொடி என்று திருத்தத் தெம்பு இல்லை.

கண்ணில் சொட்டு, காத்திருப்பு, மறுபடி சொட்டு. பிறகு டாக்டரம்மா கட்டம் கட்டமாகக் கோடு போட்ட ஒரு அட்டையைக் கையில் கொடுத்தார். சின்னப் பெண், தமிழ் கொஞ்சம் வந்தது.

"கோடெல்லாம் நேரா தெரியுதா?"

நடுவில் ஒரு குழி. குழியைச் சுற்றிக் கோடுகள் நெளிந்து, உடைந்து, ஒன்றுக்குள் ஒன்று போயின. எனக்கு நன்றாகத் தெரிந்த நெளிவு. அப்படியே என் ஏரி.

"கண்ணுக்கு நடுவுல ரத்தம் கசிஞ்சிருக்கு. வீக்கம் வேற. சுகர் கட்டுலயே இல்ல. எவ்வளவு நாளா இப்படி?"

"கேமராவுல தூசின்னு நெனச்சேன்."

"கேமராவத்தான் செக் பண்ணீங்களா?" சிரிக்கவில்லை, கேட்டார். "கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா நல்லாருந்திருக்கும். கண்ணுக்குள்ள ஊசி போடுவோம். போனது வராது. இருக்கறதத் தக்கவைக்கப் பார்க்கலாம்."

கொஞ்சம் முன்னாடி. அந்த நாட்களில் நான் ஒரு வார்த்தைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருந்தேன். அன்றைக்கே கடைக்குப் போய்ச் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். என் கோபத்துக்கு நல்ல நேரத்தில் சோம்பல் வந்தது. இதை இவரிடம் சொல்லவில்லை, யாரிடமும் சொல்லப்போவதில்லை.

வெளியே வந்ததும் இவர் பிரசாதத் திருநீற்றை என் நெற்றியில் பூசினார். கண்ணுக்குள் பொடி விழுந்துவிடப் போகிறது என்று திட்டினேன்.

பிப். 20, வெள்ளி

ஊசி. வலி இல்லை என்றார்கள். பொய்.

ஆபீஸ் லீவு. சுமித்ரா போனில் அழுதாள். நான் அவளைத் தேற்ற வேண்டியிருந்தது.

பிப். 23, திங்கள்

வெயில் குத்துகிறது. கண் சிவந்து கிடக்கிறது. சாம்பல் குறையவில்லை.

படுத்துக்கொண்டு ஒன்றையே யோசிக்கிறேன். எப்போதிருந்து இந்தக் கோணல்? போன மழையிலிருந்தா? அதற்கும் முன்பா? நேராக நின்ற மரத்தை என் கண் வளைத்ததா, தண்ணீர் வளைத்ததா? நான் கண்டதும் கேமரா எடுத்ததும் ஒன்றுதானா? மஞ்சு நெளிவு என்கிறார், ஆகவே படத்தில் நெளிவு இருக்கிறது. ஆனால் அது நான் பார்த்த நெளிவுதான் என்று யார் சொல்வது. மற்ற படங்களை எடுத்து ஒப்பிட்டுப் பார்க்கலாமென்றால் அழித்தாயிற்று. திவ்யாவை விட்டு மீட்கச் சொன்னேன், அவளும் என்னென்னவோ செய்தாள். "போய்டுச்சும்மா" என்றாள். மிச்சம் மஞ்சுவிடம் இருக்கும் அந்தப் பன்னிரண்டுதான்.

எழுத்து வரிமேல் வரி ஏறுகிறது. ஏறட்டும், எனக்குத்தானே.

பிப். 26, வியாழன்

இவர் என்னை ஏரிக்குக் கூட்டிப்போனார். நான் கேட்கவில்லை. அவராகவே கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றார், மாப்பிள்ளைத் தோழன் மாதிரி.

கையைப் பிடித்துக் கரையில் உட்காரவைத்தார். நேராகப் பார்த்தால் ஒன்றும் இல்லை. தலையைத் திருப்பினால் ஓரத்தில் கொஞ்சம் வெளிச்சம், கொஞ்சம் அசைவு. மஞ்சள் பூ மரம் பூத்துவிட்டது போல. காற்று இருந்தது, கன்னத்தில் தெரிந்தது. நல்ல காற்று. இந்தக் காற்றுக்கு ஏரியில் என்னவெல்லாம் நடந்துகொண்டிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"என்னுங்க தெரியுது, சொல்லுங்க."

தண்ணீர்ப் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தார். பிறகு:

"மஞ்சளா... ஒரு பட்டை. அதுக்குள்ள கறுப்பா ஒண்ணு ஓடுது. இப்ப அறுந்துபோச்சு. அக்கட்டால பச்சை. அதும் போச்சு."

"என்னத்தாட்ட இருக்குது? ஆனையா?"

"இல்ல புள்ள. எதாட்டவும் இல்ல. அது பாட்டுக்கு இருக்குது."

இத்தனை நாள் கழித்து, இப்போதுதானா. சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. என் இடத்தில் உட்கார்ந்து என் தண்ணியை அவர் பார்க்கிறார். வீட்டுக்குப் போகலாம் என்றேன். அவர் மேல் என்ன தப்பு. பொறாமை, வேறொன்றும் இல்லை.

மார்ச் 3, செவ்வாய்

காலையில் முகம் கழுவும்போது உள்ளே கறுப்பாக ஏதோ வழிந்தது, மை கொட்டின மாதிரி. மறுபடி கசிவு. ஆஸ்பத்திரி. டாக்டரம்மா நிறைய நேரம் பார்த்தார், குறைவாகப் பேசினார்.

"கரையலாம். காத்திருந்து பார்ப்போம்." நல்ல சேதி சொல்கிறவர்கள் இப்படிக் கையைத் தொட்டுச் சொல்ல மாட்டார்கள்.

ஆபீஸுக்கு நீண்ட லீவுக்கு எழுத வேண்டும். இவரே எழுதினார், நான் கையெழுத்துப் போட்டேன். எங்கே போட்டேன் என்று தெரியாது. அவர் என் கையைப் பிடித்து நகர்த்தினார்.

கடவுளிடம் பேச்சு இல்லை.

மார்ச் 6, வெள்ளி

இது இவர் வாங்கி வந்த தடித்த கறுப்புப் பேனா. ஒரு பக்கத்துக்கு நாலு வரிதான். இந்த நோட்டு ரொம்ப நாள் தாங்காது.

மஞ்சு நாலு பிரிண்டையும் கடைப் பையனிடம் கொடுத்து அனுப்பினார். பெரிசு பெரிசாக, சதுரமாக. பின்னாலேயே போன். கண் விஷயம் அவருக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை.

"மேடம், ஃப்ரேம் போடணும், ஒரு டவுட். உங்க போட்டோல நிழலு சிலது நேரா, சிலது நீங்களே திருப்பி வெச்சிருக்கீங்க. எது மேல, எது கீழன்னு எங்களுக்குத் தெரியல. பின்னாடி ஒரு அம்பு போட்டுக் குடுங்க. அது நீங்கதான் சொல்லணும்."

சரி என்றேன். எத்தனை நாள் ஆசை, எடுத்தவளிடம் ஒருத்தர் வந்து இதைக் கேட்க வேண்டும் என்று.

சாப்பாட்டு மேசையில் பரப்பினோம். முதல் படம் ரோஸ் பூ மரம். வேலியின் கறுப்பு எந்தப் பக்கம் என்று இவரைக் கேட்டேன், சொன்னார், அதுதான் மேல். இரண்டாவதில் ஓரத்தில் வெள்ளை ஒரு கீற்று, அது நாரை, அதைக் கீழே விட்டிருந்தேன். மூன்றாவது எனக்கு மனப்பாடம். இவர் மூன்றுக்கும் பின்னால் அம்பு போட்டார்.

நாலாவது.

"இது நீலமா இருக்குது புள்ள. முச்சூடும் நீலம். உள்ள உள்ள கோடு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

எந்த நாள், எந்தக் கரை, எந்த நீலம்? நினைவுக்கு வரவில்லை. கையில் வாங்கினேன். ஓரக்கண்ணால் பார்த்தேன். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனேன், ஒரு தரம் திருப்பினேன், இன்னொரு தரம் திருப்பினேன். இதை எடுத்த அன்றைக்கு எனக்குத் தெரிந்திருக்கும். பார்த்த உடனே தெரிந்திருக்கும். இப்போது நாலு பக்கமும் ஒன்றுதான்.

"எப்படி வெக்கட்டும்?"

"உங்களுக்கு எப்படி நல்லாருக்குதோ அப்படிப் போடுங்க."

"நானா?"

"ஆமாங்க."

படத்தை என் கையிலிருந்து வாங்கினார். மேசையில் வைத்தார், திருப்பினார், மறுபடி திருப்பினார். பேனா உரசுகிற சத்தம் கேட்டது. எந்தப் பக்கம் போட்டார் என்று நான் கேட்கவில்லை.